துப்பக்காவும் இரண்டாம் பாகமும்

வேலுத்தாயை யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் அவள் உடனே திரும்பிவிட மாட்டாள். முதல் குரலுக்கே திரும்பினால் இரண்டாவது குரலைக் கேட்கிற சுகம் போய்விடுமே! காது மந்தமானவள் மாதிரி நடந்துகொண்டே இருப்பாள். "ஏ துப்பக்கா... துப்பக்கோவ்!" என்று பின்னாலிருந்து கத்தல் வந்த பிறகுதான் "என்னையவா கூப்பிட்டீக?" என்று முகத்தைத் திருப்புவாள். சிரிக்காதீர்கள். சின்ன வயசிலேயே மேடையேறி, ராணியாகவும் பத்தினியாகவும் பிள்ளையைப் பறிகொடுத்தவளாகவும் ஊர் ஊராக அழுது தீர்த்தவளுக்கு, போடிநாயக்கனூரில் அதுவரை கிடைத்திருந்த பட்டம் 'நாடகக்காரி'. அதுவும் முகத்துக்கு நேரே சொன்னால்தான். முதுகுக்குப் பின்னால் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அத்தனையையும் மாற்றியது 'கிட்டங்கி மர்மம்' என்கிற நாடகம்.

எழுதியவர் வீரையா வாத்தியார். மதுரை ரயிலில் வந்து இறங்குகிற துப்பறியும் கதைப் புத்தகங்களை ஊரே கை மாற்றிக் கை மாற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரம். புராண நாடகம் போட்டால் தரை டிக்கெட்டில் நாய்தான் படுத்திருக்கும். வாத்தியாரும் பார்த்தார், நாலு புத்தகத்தைப் புரட்டினார், நம்ம ஊரில் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியிலேயே ஒரு கொலையைப் போட்டார். மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு வியாபாரி செத்துக் கிடக்கிறார். அவர் வலது கைமேல் ஒரு துண்டு.

போடிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஏலக்காய்ப் பேரம் வாயால் நடக்காது. வியாபாரியும் விற்க வந்த சம்சாரியும், அதாவது விவசாயியும், கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்தான் பேசும். இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, அதை மடக்கினால் இவ்வளவு. பக்கத்தில் நிற்கிறவன் எக்கி எக்கிப் பார்த்தாலும் விலை தெரியாது. பேரம் படிந்தால் வியாபாரி தலையை ஒரு வெட்டு வெட்டி, "சரி, முடிச்சிருவோம்" என்பார். ஆக, செத்தவர் சாகிற நேரத்தில் யாரோடோ பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். துண்டுக்குள் இருந்த அந்த இன்னொரு கை யாருடையது? அதுதான் மர்மம்.

அதைக் கண்டுபிடிக்க வருகிறவள் செண்பகம். ஏலக்காய் பொறுக்குகிற கூலிக்காரி மாதிரி கிட்டங்கிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற துப்பறியும் பெண். வேலுத்தாய்க்கு அந்த வேஷம். அழுகை கிடையாது, ஒப்பாரி கிடையாது, ஒரு பாட்டுகூடக் கிடையாது. சொளகை, அதான் முறத்தை, மடியில் வைத்துக் காயைப் பொறுக்கிக்கொண்டே, "ஏண்ணே, மழையே பெய்யல. ஒங்க செருப்புல மட்டும் சேறு எப்படி வந்துச்சு?" என்று ஓரக்கண்ணால் கேட்பாள் பாருங்கள், கொட்டகை கப்சிப்!

நாடகத்தை எடுத்து நடத்திய பழைய காண்ட்ராக்டர் கோட்டைச்சாமி. அவருக்குக் கதை கிதை ஒன்றும் வேண்டாம். முதல் மணி அடித்ததும் தூங்கிவிடுவார், கடைசி மணிக்கு எழுந்து கைதட்டுவார். இந்த ஜில்லாவிலேயே உத்தமமான காண்ட்ராக்டர் அவர்தான் என்பது என் கட்சி.

முதல் பாகம் கொலைகாரன் யாரென்று சொல்லாமலே முடிந்தது. ஆகா, என்ன சாமர்த்தியம் என்று ஊர் வாயைப் பிளந்தது. சாமர்த்தியமாவது மண்ணாவது! கொலைகாரன் யாரென்று வாத்தியாருக்கே தெரியாது. கடைசிக் காட்சி எழுத வராமல் திரையை இறக்கச் சொல்லிவிட்டு, 'மீதி இரண்டாம் பாகத்தில்' என்று ஒரு போடு போட்டார். டீக்கடையில் அடிதடி. லாரிக்காரன்தான் என்று ஒரு கூட்டம், டாக்டர்தான் என்று ஒரு கூட்டம்.

அந்த நேரத்தில்தான் சுருளியம்மாள் வந்தாள். ராசிங்காபுரத்திலிருந்து ஏலக்காய் பொறுக்கப் போடிக்கு வருகிறவள். "அக்கா, ஏங் வெடக்கோழியக் காணோம். நீங்க ஒரு எட்டு வந்து துப்புப் பாத்துச் சொல்லுங்க" என்று வேலுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, அது நாடகம்டி" என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை. சரியென்று போனாள். போன இடத்தில் வைக்கோல் படப்புக்குப் பின்னால் சும்மா எட்டிப் பார்த்தாள். கோழி அங்கே முட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான், வேலுத்தாய் துப்பக்கா ஆகிவிட்டாள். பொறுக்குகிற பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து நடுவில் இடம் கொடுத்தார்கள். வெற்றிலையை மடித்துக் கையில் வைத்தார்கள். ஒருத்தி, "செத்தப் பிடிங்கக்கா" என்று பச்சைப் பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அன்றைக்கு வேலுத்தாய் அழுதாள். மேடையில் அழுத எல்லா அழுகையையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது.

நல்லது நாலு நாள் நீடிக்குமா? கோட்டைச்சாமிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எழுந்து உட்கார முடியாத மனுசன் காண்ட்ராக்டைக் கைவிட்டார். எடுத்துக்கொண்டவர்கள் மொக்கச்சாமியும் திருப்பதியும்.

மொக்கச்சாமி பெரிய ஏலக்காய் மண்டிக்காரர். அவர் சம்சாரத்தின் தம்பி திருப்பதி, மண்டியில் கை பிடித்துப் பேரம் பேசுகிறவர். மெட்ராசுக்குப் போய் ஏதோ ஒரு சினிமா ஸ்டூடியோ வாசலில் நின்று, உள்ளே போன காரையும் வெளியே வந்த காரையும் பார்த்துவிட்டு வந்தவர். அதனால் கலை தெரிந்தவர்.

இரண்டு பேரும் வாத்தியாரையும் வேலுத்தாயையும் மண்டிக்கு வரச்சொன்னார்கள். வாத்தியாருக்கு நாற்காலி கிடைத்தது. வேலுத்தாய் நிலைப்படியோரம் நின்றாள்.

"மொத பாகம் பிரமாதம் வாத்தியாரே!" என்றார் மொக்கச்சாமி. "ஒரு எழுத்த மாத்தப் போறதில்ல. அப்படியே இருக்கட்டும். சின்னச் சின்னதா திருத்தம் ரெண்டு, அம்புட்டுத்தேன். மாப்ளே, சொல்லுங்க."

மாப்ளே சொன்னார். ஆட்டம் இனி ஞாயிற்றுக்கிழமை பகலில். ஏனென்றால் மலையிலிருந்து ஜனம் சந்தைக்கு இறங்குவது அன்றைக்குத்தான், இருட்டுவதற்குள் ஜீப்பைப் பிடித்துத் திரும்பவேண்டும். நாடகத்தின் பேர் 'கிட்டங்கி மர்மம் இரண்டாம் பாகம் அல்லது தர்மமே காவல்'. பாட்டு இல்லாமல் ஒரு நாடகமா? எல்லாருக்கும் பாட்டு உண்டு, செத்தவருக்கும் உண்டு. அப்புறம் துப்பறிகிறவர்.

"துப்பறியிறது செண்பகம்ல?" என்றார் வாத்தியார்.

"பொம்பள எப்படி வாத்தியாரே துப்பறிவா? சனம் நம்ப வேண்டாமா?" என்றார் திருப்பதி.

"நம்புனாங்களே! மொத பாகத்துல நம்பித்தான..."

"அது அறியாம நம்புனது. இனிமே துப்பறியும் புலி துரைசிங்கம். கோட்டு, தொப்பி, பூட்சு, வாயில சுருட்டு. வேஷம் யாருக்குன்னு பாத்தா..." என்று இழுத்துக் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி சுவரைப் பார்த்தார். "வேற ஆளு கெடைக்காத பட்சத்துல நானே பண்ணிர்றேன்."

வேறு ஆள் தேடியதாகத் தகவல் இல்லை.

"சரி, கொலகாரன் யாரு?" என்று கேட்டார் மொக்கச்சாமி.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "துண்டுக்குள்ள கைய விட்டவன் எவனோ அவன்தான். அப்படின்னா அவனும் ஒரு ஏலக்கா வியாபாரியாத்தேன் இருக்கணும் மொதலாளி."

"ஏன்யா," என்றார் மொக்கச்சாமி மெல்ல, "நானே காசு போட்டு, எம் பொழப்பக் கொலகாரப் பொழப்புன்னு மேடையில ஏத்தணுமா? அந்தத் துண்டு சமாச்சாரமே வேண்டாம். தொழில் ரகசியம்யா அது. குரங்கணி மலைச் சம்சாரிக பாத்தாகன்னா நாளப்பின்ன நம்ம துண்டுக்குள்ள கைய விட யோசிப்பாக. பாயாசத்துல வெசம்னு வச்சிரு."

"சரி, வெசம். அப்ப தோட்டத்து மொதலாளி வச்சாருன்னு..."

"சரக்கு குடுக்குறதே அவுகதான்."

"லாரிக்காரன்?"

"நாளைக்கு லோடு எவன் ஏத்துவான்?"

"மலையாளத்துக்காரன் ஒருத்தன் வந்து..."

"மலைக்கு மேல அவுக ஊருக்கு நான் போய்வர வேண்டாமா?"

"டாக்டரு?"

"படுதாவுல வெளம்பரம் எழுத மருந்துக்கடைக்காரரு ஒத்துக்கிட்டிருக்காரு. கெடுத்துறாத."

"கணக்கப்பிள்ளை?" என்றார் வாத்தியார். மூலையில் உட்கார்ந்திருந்த மண்டிக் கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாத்தியாரை ஏறிட்டுப் பார்த்தார். "இல்ல, இல்ல, சும்மா சொன்னேன்" என்று வாத்தியாரே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

சாமியார் கூடாது, பக்தி போய்விடும். போலீசு கூடாது, நாடகத்துக்கு அனுமதி போய்விடும். வாத்தியாருக்கு மண்டை காய்ந்துவிட்டது. "அப்ப யாருதான்யா கொல்றது? செத்தவரே பாயாசத்தக் கலக்கிக் குடிச்சாரா?" என்று கத்தினார்.

திருப்பதி மண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நிலைப்படியோரம் அவர் கண் நின்றது. "இந்தா இருக்குல்ல. செண்பகம்!"

"செண்பகமா?"

"யோசிச்சுப் பாருங்க மச்சான். அவ என்ன சாதின்னு வாத்தியாரு எழுதல. என்ன ஊருன்னு சொல்லல. அப்பன் இல்ல, ஆத்தா இல்ல, புருசன் இல்ல. அவ கொன்னான்னு சொன்னா யாருக்கும் நோகாது. ஏன்னு கேட்டு எவனும் கம்பத் தூக்கிட்டு வரமாட்டான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொத்தைக் காயை ஒதுக்குகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் வேலுத்தாய் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. செண்பகத்துக்கு யாரும் இல்லை என்றால் தனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்? ஒரு வேஷத்தின் புண்ணியத்தில் ஒட்டிக்கொண்ட நாலு 'அக்கா' அழைப்பும் ஒரு மடிப்பிள்ளையும்தானே? அதற்கும் விஷம் வைக்கிறார்களே, படுபாவிகள்!

"மொதலாளி," என்று வாயைத் திறந்தாள், "துப்பறிய வந்தவளே எதுக்குக் கொல்லணும்?"

"அதான் ஆச்சரியம்! சனம் எதிர்பாக்கவே எதிர்பாக்காது" என்றார் திருப்பதி.

"எதிர்பாக்குமான்னு கேக்கல. எதுக்குன்னு கேட்டேன்."

"பொம்பள தனியா ஊரு சுத்துறா, கண்டவன் செருப்பப் பாத்துக் கேள்வி கேக்குறா. கெட்டுப்போக வேற காரணம் வேணுமா ஆத்தா?" என்று முடித்தார் மொக்கச்சாமி. "ஒனக்குப் பிரியமில்லேன்னா சொல்லிரு. மதுரையிலருந்து வேற ஸ்திரீபார்ட்ட வரவழைச்சிருவோம்."

வாத்தியார் குனிந்து தன் வேட்டிக் கரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலுத்தாய் யோசித்தாள். தான் போனாலும் செண்பகம் தூக்கில் தொங்கத்தான் போகிறாள், எவளோ ஒருத்தி முகத்தோடு. கூட இருந்தால் ஒரு வழி கிடைத்தாலும் கிடைக்கும். "சரி மொதலாளி" என்றாள்.

ஒத்திகை நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். துரைசிங்கம் வேஷத்தில் திருப்பதி பூட்சு கடித்து நொண்டினார். தரையில் கிடக்கிற ஏலக்காயைப் பொறுக்கி மோந்து, "ஆகா! இந்த வாசன மொக்கச்சாமி மண்டி மொதல் தரமல்லவா!" என்று கண்ணை மூடுவார். அதுதான் அவர் கண்டுபிடிக்கிற முதல் தடயம். இரண்டாவது தடயமும் அதேதான். பபூன் சோணைக்கு முதல் பாகத்தில் பிண வேஷம், இப்போது கான்ஸ்டபிள். "எனக்கு முந்தின வேஷமே தேவலாம்" என்று அவன் முனகியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கைது செய்கிற காட்சிக்கு விலங்கு வேண்டும். மேடையில் இரும்புச் சத்தம் கேட்டால் மண்டிக்கு ஆகாது என்று மொக்கச்சாமி தடுத்துவிட்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை மின்னியது. கடைப் பேர் அச்சடித்த புதுத் துண்டு! விலங்குக்குப் பதில் துரைசிங்கம் தன் கையையும் கொலைகாரி கையையும் சேர்த்து அந்தத் துண்டால் மூடி இழுத்துப் போகவேண்டும். 'மொக்கச்சாமி ஏலக்காய் மண்டி' என்கிற எழுத்து ஜனங்களைப் பார்த்து இருக்கவேண்டும். கதையிலிருந்து துண்டை எடுக்கச் சொன்னவரே துண்டைக் கொண்டுவந்து மேடையில் வைக்கிறார் என்பது அந்த அறையில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. விளம்பரம் என்றால் அவ்வளவு கண்ணை மறைக்கும். துண்டு மதுரையில் அச்சாகிக்கொண்டிருந்ததால் ஒத்திகை எல்லாம் வெறுங்கையிலேயே நடந்தது.

நாடகத்துக்கு முந்தின நாள் சுருளியம்மாள் வழி மறித்தாள். "துப்பக்கா, கிட்டங்கியில நாங்க அம்புட்டுப் பேரும் வர்றோம். நீங்க அவன எப்படிப் பிடிக்கிறீகன்னு பாக்கணும். எங்காதுல மட்டும் சொல்லுங்க, கொன்னது யாரு?"

வேலுத்தாய் ஒதுங்கி வழி பார்த்தாள். "வந்து பாருடி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். நாளைக்கு இந்த நேரம் இவர்கள் எல்லாரும் தன்னைப் பார்த்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போவார்கள் என்று நினைத்ததும் நடை இன்னும் வேகமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகை நிரம்பி வழிந்தது. தரையில் குரங்கணிச் சம்சாரிகள், தோட்டத்து ஆட்கள். கயிறு கட்டிய மறுபக்கம் பெண்கள், சுருளியம்மாள் கூட்டம் முன்வரிசையில். பெண்கள் பக்கத்திலேயே ஒரு நாற்காலி தனியாகப் போட்டிருந்தது. அதில் மொக்கச்சாமியின் சம்சாரம், திருப்பதிக்கு மூத்தவள், ஜக்கம்மாள். நாடகக் கொட்டகைக்குள் அந்த அம்மாள் காலடி வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தம்பி நடிக்கிறானே என்று வந்தாள்.

முதல் காட்சி கும்மிருட்டில் நடக்கவேண்டும். நடுப்பகலில் கும்மிருட்டுக்கு எங்கே போவது? கீற்று ஓட்டையிலெல்லாம் வெயில் ஒழுகியது. துரைசிங்கம் டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு, "என்ன ஒரு பயங்கர இருள்!" என்று தடவித் தடவி நடந்தார். "அய்யா, வெயிலு கண்ணக் கூசுது. லைட்டயாச்சும் அணைங்க" என்றான் சோணை. வசனத்தில் இல்லாதது. கொட்டகை சிரிப்பில் ஆடியது. அதற்குப் பிறகு செத்தவர் பாடினார். டாக்டர் பாடினார். மருந்துக்கடையைப் பற்றி ஒரு பாட்டு, ஏலக்காய் வாசனையைப் பற்றி இரண்டு பாட்டு. "துப்பக்கா எப்ப வரும்?" என்று பெண்கள் பக்கம் சலசலத்தது.

வேலுத்தாய் வந்தாள். அவ்வளவு கைதட்டல் அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. சொளகை மடியில் வைத்து உட்கார்ந்தாள், எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னாள். கண் மட்டும் எங்காவது ஒரு வழி தெரியாதா என்று தேடிக்கொண்டே இருந்தது. ஒரு வழியும் தெரியவில்லை. கடைசிக் காட்சி வந்துவிட்டது.

"நில்!" என்று பூட்சைத் தட்டினார் துரைசிங்கம். "பாயாசத்தில் விஷம் வைத்த பாதகி வேறு யாருமல்ல. இந்தச் செண்பகமே!"

பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யய்யோ!" என்று ஒரு குரல். சுருளியம்மாளின் குரல்தான் அது. வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் ஒவ்வொரு முகமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது.

சோணை மத்தியான பஸ்சில் வந்து இறங்கிய புதுத் துண்டைக் கொண்டுவந்தான். துரைசிங்கம் அவள் கையைப் பிடித்தார், எழுத்து ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி துண்டை மேலே போட்டார். வேலுத்தாய்க்கு வந்ததே ஆத்திரம்! இந்தப் பயல் விரலை முறித்துப் போட்டால்தான் என்ன என்று துண்டுக்குள் கையில் கிடைத்த இரண்டு விரலைப் பிடித்து நறுக்கென்று ஒரு அழுத்து அழுத்தினாள்.

அங்கேதான் சங்கதி. கோட்டு, தொப்பி, பூட்சு எல்லாம் போட்டிருந்தாலும் கை திருப்பதியின் கைதானே? மேலே துண்டு விழுந்தது, உள்ளே விரல் அழுந்தியது. அந்தக் கைக்கு நாடகம் மறந்துபோய்விட்டது. எதிரே நிற்பது கொலைகாரி என்பது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு அவள் விரல் ஒன்றை மடக்கிப் பதில் விலை சொன்னது. வேலுத்தாய் திகைத்தாள். வலி பொறுக்காமல் இன்னொரு விரலைப் பிடித்து நெரித்தாள். திருப்பதி முகத்தைச் சுளித்து, கட்டாது என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். மேலே கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். அவள் விடவில்லை, நகம் பதிய இறுக்கினாள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, தலையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டினார்.

"சரி, முடிச்சிருவோம்" என்றார், நல்ல சத்தமாக.

தரை டிக்கெட்டில் ஒரு சம்சாரி துள்ளி எழுந்தார். "ஏலே, பேரம் பேசுறான்டா! துப்பறியும் புலி பேரம் பேசுறான்டா!"

அம்புட்டுத்தான். கொட்டகை வெடித்தது. "எம்புட்டுக்குண்ணே முடிஞ்சிச்சு?" என்றான் ஒருத்தன். "எங்கிட்டயும் இப்படித்தான்யா ஒதட்டப் பிதுக்குனான்!" என்றான் இன்னொருத்தன். திருப்பதிக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கியது. கையை உருவப் பார்த்தார். வேலுத்தாய் விட்டால்தானே!

அவளுக்குப் பளிச்சென்று பாதை திறந்துவிட்டது. கையை விடாமலே ஜனங்கள் பக்கம் திரும்பினாள். செண்பகத்தின் பழைய குரல், முதல் பாகத்துக் குரல்.

"பாத்தீகளா சனங்களே? பாயாசமும் இல்ல, வெசமும் இல்ல. மொத பாகத்துல செத்தவரு கைமேல துண்டு கெடந்துச்சே, மறந்துட்டீகளா? அந்தத் துண்டுக்குள்ள கைய விட்டவன் யாருன்னுதான் நான் இம்புட்டு நாளாத் தேடுறேன். அவன் வியாபாரியாத்தேன் இருக்கணும். நாங்கெல்லாம் வாயால பேசிச் சோறு திங்கிறவுக. துப்பறியிற ஆளுக்கு வெரல்ல வெல பேச யாரு சொல்லிக் குடுத்தது? அய்யா துரைசிங்கம், கோட்டுக்குள்ள நீரு யாரு?"

வாத்தியார் படுதாவுக்குப் பின்னால் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பாகமாக மண்டையை உடைத்துக்கொண்டு கிடைக்காத முடிவு அவர் கண்முன்னால் தானாக நடந்துகொண்டிருந்தது. சோணை சும்மா இருப்பானா? "கெடச்சானய்யா கொலகாரன்!" என்று துண்டை உருவித் திருப்பதியின் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினான். எழுத்து ஜனங்களைப் பார்த்துத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

"டேய், இது கதையில இல்லடா! நிறுத்துங்கடா!" என்று மொக்கச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார். "உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து நாலு பேர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். ஆர்மோனியக்காரர் மங்களம் வாசித்தார். திரை இறங்கியது. பெண்கள் பக்கத்தில் சுருளியம்மாள் எழுந்து நின்று, "நாந்தான் சொன்னேன்ல! எங்கக்கா கொல்லுவாளா? எங்கக்கா!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்திக்கொண்டிருந்தாள். படுதாவுக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்ட வேலுத்தாய் பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

மொக்கச்சாமி அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாகத்தான் வெளியே வந்தார். வாசலிலேயே கூட்டம் மறித்துக்கொண்டது. "மொதலாளி, சொந்த மச்சினன்னுகூடப் பாக்காமக் கொலகாரனாக்கிட்டீகளே! நாயம்னா ஒங்க நாயந்தான்" என்று ஒரு சம்சாரி கையெடுத்துக் கும்பிட்டார். மொக்கச்சாமி அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கோபத்தை அப்படியே விழுங்கினார். "பின்ன? வேத்து ஆளக் காட்டுனா சனம் நம்புமா? மொதல்லயே யோசிச்சு வச்சதுதான். நம்ம துண்டுக்குள்ள பயப்படாமக் கைய விடலாம்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகிவிட்டது. திருப்பதி பின்வாசல் வழியாகத் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு போனார். "கொலகாரர் போறாரு, கொலகாரர் போறாரு" என்று சந்தைக்கு வந்த ஜனம் வழிவிட்டது.

வேலுத்தாய் முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது படுதா விலகியது. ஜக்கம்மாள் நின்றாள். கழுத்து நிறைய நகை, நெற்றி நிறைய வியர்வை. அடடா, தம்பியைக் கேவலப்படுத்தியதற்குச் சண்டைக்கு வந்துவிட்டாள் என்று வேலுத்தாய் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கக்கா" என்றாள் ஜக்கம்மாள். குரலைத் தாழ்த்தி, வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு அந்த வெரலுக் கணக்கச் சொல்லிக் குடுக்கணும்."

"நானா...?"

"கல்யாணம் ஆகி வந்த நாளாப் பாக்குறேன். எங்க வீட்டுக்குள்ளயே, எங்கண்ணு முன்னாலயே துண்டப் போட்டுக்கிட்டுப் பேசுறாக. எங்கப்பா எனக்குன்னு எழுதிவச்ச தோட்டம், அதையும் ஏந் தம்பியும் எம் புருசனும் துண்டுக்குள்ளதான் பேசி முடிச்சாக. நாங் காப்பி குடுத்துக்கிட்டு நின்னேன். என்ன வெலைக்குப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா, ஒனக்கெதுக்கு அந்தச் சோலிங்கிறாக. நீங்க இன்னைக்கு அவனோட சரிக்குச் சரி பேசித் தலையாட்ட வச்சீகளே, அதப் பாத்ததும் எனக்கு உக்கார முடியல."

வேலுத்தாய்க்கு மனசு இளகிவிட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "அம்மா, சத்தியமா எனக்கு ஒரு கணக்கும் தெரியாது. ஆத்திரத்துல கைக்குக் கெடச்ச வெரலக் கிள்ளுனேன். மத்ததெல்லாம் ஒங்க தம்பியா மடக்கி, அவரா யோசிச்சு, அவராத் தலையாட்டுனதுதான்."

ஜக்கம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நகையெல்லாம் குலுங்க! "அப்ப கணக்கே தெரிய வேண்டாமா?"

"வேண்டாம் போலருக்கே."

"விடாமப் பிடிச்சா போதுமா?"

"எனக்குப் போதுமா இருந்துச்சு."

ஜக்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிமேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருப்பதி அவிழ்த்தெறிந்துவிட்டுப் போன துண்டை எடுத்து உதறினாள். அவள் வீட்டுக்காரர் பேர் போட்ட துண்டு. தன் கையையும் வேலுத்தாயின் கையையும் சேர்த்து மூடினாள். "எங்க, எப்படிப் பிடிச்சீக? எனக்கும் வலிக்கிற மாதிரி காட்டுங்க பாப்போம்."

வெளியே மொக்கச்சாமியின் குரல் கேட்டது. "ஏ ஜக்கு! அங்க என்ன சோலி ஒனக்கு? வெரசா வா, ஜீப்பு நிக்குது!"

"நிக்கட்டும்" என்றாள் ஜக்கம்மாள், கையை வெளியே எடுக்காமல். "இங்க இன்னும் பேரம் முடியல."